அத்தியாயம் 6: குழாய் விடும் நாளும் மயக்க ஊசியும்

"எப்பம்மா கடைசியா சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி சிஸ்டர். காலையில ஒண்ணும் சாப்பிடல. டீ மட்டும்தான்."

இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையின் வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. திமிரிப் பக்கம் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும். தண்ணீரைப் போலச் சீக்கிரம் கீழே இறங்காது. மயக்க ஊசி போட்ட பிறகு அது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் கெடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சிஸ்டர், "இன்னிக்கு முடியாதும்மா, இன்னொரு நாள் வாங்க" என்கிறார். விடியற்காலையில் கிளம்பி, ஆற்காட்டில் பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். முந்தைய நாளே யாராவது அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

திமிரி, கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களிலிருந்து எண்டோஸ்கோப்பி என்னும் இந்தக் குழாய்ப் பரிசோதனைக்குப் போகிறவருக்கும், அவரோடு துணைக்குப் போகிறவருக்கும் இந்த அத்தியாயம். நீங்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், வேலூர் சி.எம்.சி.க்குப் போகலாம், அது 2022இல் ராணிப்பேட்டையில் திறந்த வளாகத்துக்கோ பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கோ போகலாம். எங்கே போனாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். மயக்க ஊசியில் ஒருவரைத் தூங்க வைப்பது மருந்து. பத்திரமாகக் கண்விழிக்க வைப்பது, அவர் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். அந்த ஆளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி இரண்டு: காலி வயிற்றோடு போவது, கேட்டதற்கு உண்மையைச் சொல்வது.

எதற்காக இந்தப் பரிசோதனை

ஷூ கம்பெனிக்குக் காலையில் வேன் ஏறும் பெண்கள் பலர் ஒன்றும் சாப்பிடாமலே கிளம்புகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து தைத்து இடுப்பு வலி வந்தால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் அந்த மாத்திரை உள்ளே போனால் இரைப்பையின் உள்தோல் புண்ணாகும். 'கேஸ் ட்ரபுள்' என்று நாம் சொல்வது சில நேரம் அதுவாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் தன் இரைப்பை நலமாக இருப்பதைக் குழாய் விட்டு உறுதிசெய்துகொண்டு, அந்தக் கிருமி வளர்ந்த நீரைத் தானே குடித்தார். சில நாளில் அவருக்கு வாந்தி வந்தது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று நினைத்திருந்த காலம் போய், கிருமியை மருந்தால் ஒழிக்கலாம் என்ற காலம் வந்தது அப்படித்தான். உங்கள் இரைப்பையிலிருந்து கடுகளவு சதை எடுத்து 'பயாப்ஸி' பார்ப்பதற்கு இந்தக் கிருமியைத் தேடுவதும் ஒரு காரணம். சதை எடுக்கும்போது வலி தெரியாது. இரைப்பையின் உள்தோலுக்குக் கிள்ளினால் உணரும் நரம்பு இல்லை.

அப்படியானால் எதற்கு மயக்கம்? சிரமமெல்லாம் தொண்டையில். சுண்டுவிரல் பருமனுள்ள, ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த குழாய் அடித்தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் குமட்டும், கண்ணில் நீர் வரும், மூச்சு முட்டுவது போலத் தோன்றும். 1868இல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் இரைப்பைக்குள் வளையாத குழாயை விட்டுப் பார்த்தபோது, கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். இன்று குழாய் மெலிந்து, நுனியில் கேமரா வந்துவிட்டது. ஆனாலும் குமட்டல் அப்படியே இருக்கிறது. அதைத் தணிக்கத்தான் ஸ்பிரேயும் ஊசியும்.

ஸ்பிரே போதுமா, ஊசி வேண்டுமா

வெறுமனே பார்ப்பதற்கான பரிசோதனை ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதைப் பெரும்பாலும் லிக்னோகெய்ன் ஸ்பிரேயை மட்டும் அடித்தே செய்கிறார்கள். கசக்கும். நாக்கும் தொண்டையும் தடித்துப்போனது போல இருக்கும். "தொண்டை அடைச்சிடுச்சு, மூச்சு விட முடியல" என்று பலர் பயப்படுவது அப்போதுதான். தொண்டை அடைக்கவில்லை, உணர்வு மட்டும்தான் போயிருக்கிறது. மூச்சு எப்போதும்போல வந்து போகும். இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பயம் குறையும்.

ஸ்பிரேயால் சில லாபங்கள் உண்டு. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மரப்பு போய்விடும். தானாக நடந்து வீட்டுக்குப் போகலாம், செலவும் குறைவு. வயதானவர்கள் இளையவர்களைவிட நன்றாகவே தாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் குமட்டல் உணர்ச்சி மட்டுப்பட்டிருக்கும். மயக்க மருந்தால் வரும் ஆபத்தோ அவர்களுக்குத்தான் கூடுதல். அதனால் எழுபதைத் தாண்டிய தாத்தா பாட்டிக்கு, "வயசானவங்க, பாவம், நல்லா தூங்க வச்சிடுங்க" என்று நாமே வற்புறுத்தக் கூடாது. மருத்துவர் ஸ்பிரே போதும் என்றால் அதில் அக்கறை இருக்கிறது.

ஊசி யாருக்கு வேண்டும்? பல் துலக்கும்போதே குமட்டுகிறவர்கள், முன்பு ஒருமுறை முயன்று தாங்க முடியாமல் போனவர்கள், பயத்தால் உடல் நடுங்குகிறவர்கள். வெறும் பார்வையோடு நிற்காத வேலைகளும் உண்டு: ரத்தக் குழாய் வீக்கத்துக்கு ரப்பர் வளையம் போடுவது, சுருங்கிய உணவுக்குழாயை விரிப்பது, விழுங்கிவிட்ட காசையோ பல் செட்டையோ எடுப்பது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்கவியல் மருத்துவர் உடனிருந்து முழு மயக்கம் கொடுத்தே செய்வார்கள்.

இதில் வீரமும் கோழைத்தனமும் எதுவுமில்லை. பயம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். மேசையில் படுத்த பிறகு கையைத் தட்டிவிட்டுக் குழாயைப் பிடித்து இழுப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

ஊசியில் என்ன இருக்கிறது

அதிகம் பயன்படுவது மிடசோலாம். நரம்பில் செலுத்திய ஓரிரு நிமிடத்தில் உடல் தளரும், பயம் விலகும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமில் தொடங்கி, மெதுவாகச் செலுத்தி, இரண்டு நிமிடம் காத்திருந்து பார்த்த பிறகே தேவையானால் இன்னும் கொஞ்சம் கொடுப்பார்கள். மொத்தம் ஐந்து மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு இதில் பாதியோ அதற்கும் குறைவோதான். அந்தக் காத்திருப்பு முக்கியம். மருந்து வேலை செய்வதற்குள் "இன்னும் தூங்கலையே" என்று அடுத்த ஊசியைப் போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். இப்படி அளவு மீறும் தவறுகளைத் தடுக்கத்தான் பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2008இல், செறிவு மிகுந்த மிடசோலாமைப் பொதுவான அறைகளில் வைக்க வேண்டாம், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ளதை வைத்தால் போதும் என்று எச்சரித்தது.

மிடசோலாம் நினைவையும் அழிக்கும். "ஊசி போட்டாங்க, அப்புறம் ஒண்ணுமே தெரியல" என்பார்கள். உண்மையில் நடுவில் கண் திறந்திருப்பார்கள், சொன்னதற்குத் தலையாட்டியிருப்பார்கள். எதுவும் மனதில் பதிந்திருக்காது. அதனால் முடிந்தவுடன் மருத்துவர் சொல்லும் முடிவைத் துணைக்கு வந்தவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நோயாளி "சரிங்க டாக்டர்" என்று தெளிவாகச் சொன்னாலும் வீட்டுக்குப் போனதும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

சில இடங்களில் வலி தணிக்க ஃபென்டனில் என்ற மருந்தையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். இரண்டும் சேரும்போது மூச்சு மந்தமாகும் வாய்ப்பு கூடும். ஆனால் இரண்டுக்கும் முறிவு மருந்து இருக்கிறது: மிடசோலாமுக்கு ஃபுளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன். முறிவு கொடுத்துத் தெளிந்தவரையும் உடனே அனுப்பக் கூடாது. முறிவு மருந்தின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், உள்ளே மிச்சமிருக்கும் முதல் மருந்து மறுபடி தூக்கத்தில் ஆழ்த்தும். அதனால்தான் இரண்டு மணி நேரமாவது வைத்துப் பார்க்கிறார்கள். அதைத் தாமதம் என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

மூன்றாவது புரோபோஃபால். பால் போல வெள்ளையாக இருக்கும்; நரம்பில் போகும்போது கை எரியும். ஒரு நிமிடத்துக்குள் தூக்கம், நிறுத்தினால் ஐந்து பத்து நிமிடத்தில் தெளிவு. நோயாளிக்கு மிகவும் இதமான மருந்து இதுதான். ஆனால் இதற்கு முறிவு மருந்து கிடையாது. அரைத்தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் மிகக் குறுகியது. எனவே இதைச் செலுத்த மயக்கவியல் மருத்துவர் தனியாக இருக்க வேண்டும். இதில் சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த பொருளும் கலந்திருக்கும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மயக்கத்தில் நான்கு படிகள். முதல் படியில் மனம் தளர்ந்திருக்கும். இரண்டாவதில் அரைத்தூக்கம்; பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ தோளைத் தட்டினாலோ பதில் வரும், மூச்சுக்கு உதவி வேண்டாம். மூன்றாவதில் பலமுறை உசுப்பினால்தான் அசைவார், மூச்சு தடுமாறலாம். நான்காவது, அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம். குழாய்ப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் இரண்டாவது படியே போதும். ஆனால் ஒரே அளவு மருந்து ஒருவரை இரண்டாவது படியில் நிறுத்தும், இன்னொருவரை மூன்றாவதுக்குத் தள்ளும். அதனால் மயக்கம் கொடுப்பவருக்கு, நோயாளி எதிர்பார்த்ததைவிட ஒரு படி ஆழமாகப் போய்விட்டாலும் மீட்டெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி.

மூச்சைப் பார்க்க ஒரு ஆள்

கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எல்லா வீட்டுக்கும் தெரிந்த பொருளாகிவிட்டது. 95க்கு மேல் இருந்தால் நிம்மதி என்று அப்போது பழகினோம். மயக்க அறையில் அந்த நிம்மதி மட்டும் போதாது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கும்போது நுரையீரலில் சேமிப்பு நிறைந்திருக்கும். மூச்சே நின்றாலும் அந்தச் சேமிப்பு தீரும்வரை மீட்டர் 99 என்றே காட்டும். எண் இறங்கத் தொடங்கும்போது தாமதமாகியிருக்கும். அதனால்தான் மார்பு ஏறி இறங்குகிறதா, மூச்சின் ஓசை சீராக இருக்கிறதா, உதடு நீலமாகிறதா என்று கண்ணாலும் காதாலும் கவனிக்கும் ஒருவர் வேண்டும். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் கருவி இருந்தால் இன்னும் நல்லது. மூச்சு நின்ற சில நொடியிலேயே அது காட்டிக்கொடுக்கும்.

குழாயைச் செலுத்தும் மருத்துவரின் கண் திரையில் இருக்கும். சதை எடுக்க உதவும் சிஸ்டரின் கை கருவியில் இருக்கும். மூச்சைப் பார்ப்பது இவர்கள் இருவருக்கும் பக்க வேலையாக இருக்கக் கூடாது. மூன்றாவதாக ஒருவர், அந்த ஒரே வேலைக்காக, நோயாளியின் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று நியூயார்க்கில் நடந்தது. 81 வயது நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 2014 ஆகஸ்ட் 28 அன்று தொண்டையையும் இரைப்பையையும் குழாய் விட்டுப் பார்க்க ஒரு மையத்துக்குப் போனார். புரோபோஃபால் கொடுத்தார்கள். பரிசோதனையின்போது மூச்சு தடைப்பட்டு இதயம் நின்றது. மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் செப்டம்பர் 4 அன்று இறந்தார். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சரிந்ததை உரிய நேரத்தில் கண்டுகொள்ளவில்லை, மயக்கம் கொடுக்குமுன் எடையைக் குறித்து வைக்கவில்லை என்று அரசு ஆய்வாளர்களின் அறிக்கை சொன்னது. பணமும் புகழும் நவீனக் கருவியும் இருந்த இடத்தில் தவறியது கவனிப்பு.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆரோக்கியமானவருக்கு இப்படி நடப்பது மிக அரிது. அரிதாகவே இருப்பதற்குக் காரணம் அந்தக் கவனிப்புதான் என்பதால் சொல்கிறேன். மரியாதையோடு இந்த நான்கு கேள்விகளையும் நீங்கள் கேட்கலாம்:

1. மயக்க ஊசி யார் போடுவார்கள்? புரோபோஃபால் என்றால் மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா?
2. என் மூச்சைக் கவனிக்க மட்டும் ஒருவர் இருப்பாரா?
3. ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, மூச்சு ஊத ஆம்பு பேக், முறிவு மருந்து அறையிலேயே இருக்கிறதா?
4. முடிந்த பிறகு எங்கே, எவ்வளவு நேரம் வைத்துப் பார்ப்பீர்கள்?

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். எடை பார்க்கவில்லை என்றால் "எடை பார்க்கணுமா சிஸ்டர்?" என்று நீங்களே நினைவூட்டுங்கள்.

மறைக்கக் கூடாதவை

குடிப்பழக்கம். தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு ஊசியில் தூக்கம் வராது. சிலர் தளர்வதற்குப் பதிலாக முரண்டு பிடித்து எழுந்து உட்காருவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் சிறிய அளவு மிடசோலாம்கூட நெடுநேரம் தடுமாற வைக்கலாம். மனைவியோ அப்பாவோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். ஆகவே துணைக்கு வந்தவர், சிஸ்டர் கேள்வி கேட்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். அங்கே சொல்வது மருந்தின் அளவைத் தீர்மானிக்க மட்டுமே.

பான், குட்கா, வாயில் அடக்கும் புகையிலை. பல வருடம் போட்டவருக்குக் கன்னத்தின் உள்தசை இறுகி வாய் முழுதாகத் திறக்காது. உங்கள் மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரத்தில் மூச்சுக்குழாய் போட வேண்டிவந்தால் இது உயிர்ப் பிரச்சினை.

குறட்டை. சத்தமான குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும் இருந்தால் ஊசியிலும் அப்படியே மூச்சு அடைக்கும். இதை நோயாளியால் சொல்ல முடியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா, இதய நோய், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, முன்பு எந்த ஊசியிலாவது ஏற்பட்ட ஒவ்வாமை, ஆடும் பல், பல் செட் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இன்ஹேலர் பயன்படுத்துபவர் அதைக் கையோடு கொண்டு போங்கள். மாத்திரைப் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டாலும் சொல்லுங்கள்.

தோல் பதனிடும் இடத்தில் சாயப் பிரிவில் வேலை செய்பவரின் விரல்நுனியில் கறை ஊறியிருக்கும். நகப்பூச்சும் அடர்த்தியான மருதாணியும் அப்படித்தான். விரல் மீட்டர் இதனால் தவறான எண்ணைக் காட்டக்கூடும். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். கறை போகவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு விரலிலோ காதுமடலிலோ மாட்டுவார்கள்.

வயிறு காலியாக இருக்க வேண்டிய கணக்கு

- தண்ணீர் மட்டும்: பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்புவரை, கொஞ்சமாக.
- பால், டீ, காபி, பிஸ்கட், இட்லி, கஞ்சி: 6 மணி நேரம் முன்போடு நிறுத்த வேண்டும்.
- பிரியாணி, கறிக்குழம்பு, பொரித்தவை: 8 மணி நேரமோ அதற்கு மேலோ.

ஆம்பூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் இரவு பதினொரு மணிக்குக்கூட பிரியாணி நடக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு எண்டோஸ்கோப்பி என்றால், கணக்கு சரியாக வந்தாலும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிடாமல் வருவதே பாதுகாப்பு. முந்தைய இரவு எட்டு மணிக்குள் இட்லியோ ரசம் சாதமோ போதும். நீங்கள் போகும் ஆஸ்பத்திரி இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் கெட்டியான மருந்து நீரை அன்று காலை குடிக்க வேண்டாம். அது உள்தோலில் பூசிக்கொண்டு புண்ணை மறைக்கும். அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம்.

பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையைப் பட்டினி வயிற்றில் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று முன்பே கேட்டு, காலையில் முதல் ஆளாகப் பார்க்கும்படி நேரம் வாங்குங்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் அப்படிச் செய்யும். இரண்டையும் தெரிவியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.

ரமலான் மாதத்தில் அவசரமில்லாத பரிசோதனை என்றால் பெருநாள் கழித்துத் தேதி கேட்டு வாங்குங்கள். நோன்பைப் பற்றிய கவலையும் சர்க்கரை தாழும் அபாயமும் சேர்ந்து வேண்டாம். ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றால் காத்திருக்கக் கூடாது. ரத்த வாந்தி எடுப்பவருக்கு வயிறு நிறைய ரத்தம் இருக்கும். அவருக்கு மூச்சுக்குழலைக் குழாய் போட்டுக் காத்த பிறகே எண்டோஸ்கோப்பி செய்ய நேரிடலாம். அதற்கு வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்; 108ஐக் கூப்பிடுங்கள்.

அறைக்குள் நடப்பது

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி, பல் செட், போட்டு வந்திருந்தால் நகை இவற்றைத் துணைக்கு வந்தவரிடம் கொடுங்கள். கையில் ஊசி போகும் வழியாக 'வென்ஃப்ளான்' போடுவார்கள். பிரஷர் பட்டை, விரல் மீட்டர், மூக்கில் ஆக்சிஜன் வரும். தொண்டையில் ஸ்பிரே அடிப்பார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாயைக் கடிக்காமலிருக்கப் பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள்.

குழாய் நுழையும்போது மூன்று விஷயம்: எச்சிலை விழுங்க முயலாமல் வாயோரம் வழிய விடுங்கள், மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், "முழுங்குங்க" என்றதும் ஒருமுறை விழுங்குங்கள். உள்ளே காற்று ஊதுவதால் ஏப்பம் வரும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மூச்சு மந்தமானால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தாடையை முன்னால் தூக்குவார்கள், ஆக்சிஜனைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகும். இல்லையென்றால் குழாயை உருவிவிட்டு, ஆம்பு பேக்கால் மூச்சு ஊதி, முறிவு மருந்து கொடுப்பார்கள். பரிசோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு திரும்புவதும் அடுத்த 24 மணி நேரமும்

ஸ்பிரே மட்டும் என்றால் மரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது. முதலில் ஒரு வாய்த் தண்ணீர். புரையேறாமல் இறங்கினால் பிறகு ஆறிய இட்லியோ கஞ்சியோ சாப்பிடலாம்.

ஊசி போட்டிருந்தால் பைக்கின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகாதீர்கள். போகும் வழியில் கண்ணசந்தால் சாய்ந்துவிடுவார். ஆட்டோவோ காரோ நல்லது. பஸ் என்றால் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துத் துணை இந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

அன்றும் மறுநாள் அதே நேரம்வரையும் வண்டி ஓட்டக் கூடாது. ஷூ கம்பெனியில் வெட்டும் பிரஸ், தையல் மிஷின், தோல் சீவும் மிஷின் எதையும் தொடக் கூடாது. 'நல்லாத்தான் இருக்கேன்' என்று தோன்றும், ஆனால் கையும் கண்ணும் முழுதாகத் திரும்பியிருக்காது. விரலை இழந்த பிறகு வருந்திப் பயனில்லை. கிளம்புமுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் விடுப்புக்கான சான்று கேட்டு வாங்குங்கள். சூப்பர்வைசரிடம் காட்ட உதவும். மகளிர் குழுக் கடன், நகை அடகு, பத்திரம் எதிலும் அன்று கையெழுத்து போடாதீர்கள். மது கூடாது. கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அன்று வேறொருவர் ஏற்க வேண்டும்.

ஓரிரு நாள் தொண்டை கரகரப்பும் வயிற்று உப்பசமும் இயல்பு. மார்பிலோ வயிற்றிலோ கடும் வலி, கழுத்து வீக்கம், காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் கிளம்புங்கள்.

கிழித்துப் பையில் வைத்துக்கொள்ள

நோயாளிக்கு:

- இரவு 8 மணிக்குள் லேசான சாப்பாடு. காலையில் டீயும் இல்லை.
- மாத்திரை அட்டைகள், பழைய ரிப்போர்ட், இன்ஹேலர் பையில்.
- நகப்பூச்சு அழித்தாயிற்று. நகை வீட்டில்.
- குடி, புகையிலை, குறட்டை, ஒவ்வாமை: கேட்டால் உண்மை, கேட்காவிட்டாலும் உண்மை.

துணைக்கு வருபவருக்கு:

- பரிசோதனை முடியும்வரை டீக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ போகாமல் கூப்பிடு தூரத்தில் இருங்கள்.
- டாக்டர் சொல்லும் முடிவை எழுதிக்கொள்ளுங்கள். பயாப்ஸி எடுத்தார்களா, ரிப்போர்ட் எந்தத் தேதி என்று கேளுங்கள்.
- கிளம்புமுன் அவரை உங்கள் பெயரையும் இன்றைய கிழமையையும் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் இன்னும் அரை மணி நேரம் உட்காருங்கள்.
- வீட்டில் அன்று இரவு அவர் தனியாகப் படுக்க வேண்டாம். நடுவில் ஒருமுறை எழுந்து மூச்சு சீராக இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் நின்றவரின் வேலை அன்று இரவு உங்களுடையது.